நாலு விரல் இடைவெளி

என் கைகள் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பிசியோதெரபி செய்கிறவளுக்கு அது பாதிப் படிப்பு. சில்லென்ற கையை வயிற்றில் வைத்தால் நோயாளி வெடுக்கென்று இறுகிவிடுவார். அப்புறம் உள்ளே என்ன இருக்கிறதென்று விரலுக்குத் தெரியாது. விசாரணை என்று கூப்பிட்டு உட்காரவைத்து, ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். முதலில் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அதுவே சரியாகப் புரியவில்லை.

வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு தசைகள் ஒட்டி நிற்கும். பிள்ளைப்பேற்றில் விலகும். பலருக்குத் தானாகச் சேர்ந்துவிடும். நீங்கள் விசாரிக்கிற இந்த டீச்சருக்குச் சேரவில்லை, இரட்டைப் பிள்ளைகள். தொங்கிய தோலை வெட்டி, தசைகளை இழுத்துத் தைத்தார்கள். வெளியில் இதற்குத் தொப்பை ஆபரேஷன் என்று பெயர். எனக்கு அந்தப் பெயரே போதும். என் அம்மா துணிக் கிடங்கில் மூட்டை தூக்குகிறாள். என்னைப் பெற்ற நாளிலிருந்து வயிற்றைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். அவளை யாரும் படுக்கவைத்துத் தைக்கவில்லை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கி வந்து ஊரார் தொப்பையைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம் டீச்சர் கேட்டார். "பசங்க ரெண்டும் காலக் கட்டிக்கிட்டு அழுவுதுங்கம்மா. ஒரே ஒரு தடவ தூக்கிக்கட்டுமா?"

ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது என்று தாளில் அச்சடித்தே கொடுக்கிறோம். எனக்கு அன்று எரிச்சல். "தூக்குங்களேன், பெத்தவங்கதானே" என்றேன். இரண்டு மாதத்தில் தையல் விட்டு, தசை பழையபடி விலகிவிட்டது. எழுந்து உட்காரக்கூட ஒருக்களித்துப் புரண்டு, கட்டில் விளிம்பைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

பழைய தழும்பையே திறந்து, இந்த முறை இரண்டு அடுக்காகத் தைத்தார்கள். பயிற்சிக்கு நான்தான் வேண்டும் என்று டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் நாளே திரைச்சீலையை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் விட்டுச்சுன்னு டாக்டர் துருவித் துருவிக் கேட்டாரு. நானாத்தான் புள்ளையத் தூக்கிட்டேன்னு சொல்லிட்டேன். உன் பேர எடுக்கல. கஷ்டப்பட்டுப் படிச்சு வந்த பொண்ணு, உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுல்ல. மனசுல வச்சுக்காதம்மா. என்னை அக்கான்னே கூப்பிடு."

நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்காததைக் கொண்டுவந்து கையில் திணிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டும். பழைய துணியைக் கொடுத்துவிட்டு, அதை உடுத்திக்கொண்டு வருகிறோமா என்று வாசலில் நின்று பார்ப்பார்களே, அந்த முகம். அதைத் தினமும் நாற்பது நிமிடம் நான் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்த பத்தொன்பதாம் நாள், தையலைத் தாங்க வயிற்றில் கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றினேன். அன்றுதான் முதல்முறையாக அக்கா என்று கூப்பிட்டேன். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"மல்லாக்கப் படுங்கக்கா. ரெண்டு காலையும் சேத்து நேரா மேல தூக்குங்க. மெதுவா இறக்குங்க."

"இப்பவே செய்யலாமாம்மா? போன தடவ இது இல்லையே."

"போன தடவ செய்யாததாலதான் விட்டுச்சு."

செய்தார். சொன்னதைச் செய்கிற ரகம். என் கை அவர் வயிற்றின் மேலேயே இருந்தது. "உன் கை இதமா இருக்கு. எடுத்துடாத" என்றார். எடுக்கவில்லை. எட்டாவது முறை, விரலுக்கடியில் ஈரத் துணியில் தையல் பிரிவதுபோல ஒன்று விட்டது.

"சுருக்குன்னுச்சும்மா."

"அப்படித்தான் இருக்கும். இன்னும் ரெண்டு."

அந்த இரண்டையும் செய்தார். பிறகு இரண்டு தசைகளுக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தேன். நாலு விரல் தாராளமாக உள்ளே போனது. பெல்ட்டைக் கட்டி, அன்றைய பயிற்சி முடிந்ததென்று ஒழுங்காகக் கையெழுத்தும் வாங்கினேன்.

இனித் தைத்தால் நூலைத் தாங்க அந்தத் தசையில் பலமில்லை என்கிறாராம் டாக்டர். குடல் தோலுக்கு அடியில் புடைத்து நிற்கிறதாம். பிள்ளைகளை இனி உட்கார்ந்த இடத்தில்தான் கொஞ்ச வேண்டும். இந்த முறையும் டீச்சர் என் பேரைச் சொல்லவில்லை. அடுத்த கட்டிலில் கிடந்த முட்டிவலிக்காரர்தான் திரைக்குப் பின்னால் கேட்டதை ஒப்பித்திருக்கிறார். வேலையற்றவர்.

தெரியாமல் நடந்தது என்று எழுதாதீர்கள். தெரிந்துதான் செய்தேன். காரணம் வேண்டுமென்றால், என் அம்மாவுக்காகச் செய்தேன் என்று போட்டுக்கொள்ளுங்கள். கவனிப்பாரில்லாமல் துண்டு கட்டிக்கொண்டு திரிகிற அத்தனை பேருக்காகவும்.

போன மாதம் அம்மா பாயில் படுத்துக்கொண்டு துண்டை அவிழ்த்தாள். "ஏண்டி, எனக்கும் ஒரு தடவ கைய வச்சுப் பாரேன். என்ன செய்யலாம்னு சொல்லு" என்றாள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "உனக்கென்னம்மா, நல்லாத்தான இருக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவளுக்கு எத்தனை விரல் என்று கேட்கிறீர்கள். அளந்ததில்லை. அவளெல்லாம் தாங்குவாள்.