விஜயநகரில் எண்ணெய்

— மஞ்சுநாத் சார், எங்க போர் பம்புக்கு எதுக்குங்க அரக்கு சீல் வெக்கிறீங்க? அது எங்க வூட்டுத் தண்ணிங்க!

— தண்ணி அல்லம்மா, எண்ணெ. உங்க வீட்டு யஜமானரே எங்க பெட்ரோலிய இலாகாவுக்கு, டெல்லிக்குத் தந்தி கொடுத்திருக்கார். "விஜயநகர் மனையில் பெட்ரோலியம். உடனே வரவும். ரத்தினசாமி."

— ஏனுங்க! நெசமாலுமா?

— போர் போட்ட அன்னிக்குத் தண்ணி மேல கலர் கலரா மெதந்துச்சே, சொர்ணா. பெட்ரோல் வாசம் வேற. சர்க்கார் நமக்கும் ஒரு பங்கு தரும்னு நெனச்சுட்டேன்.

— அட கடவுளே! அது போர் வண்டிக்காரங்க பாறை ஒடைக்கற சுத்தியலுக்கு ஊத்தற ஆயிலுங்க. எந்தப் போர்லயும் மொதத் தண்ணி அப்படித்தான் வரும். மறுநாளே எளநியாட்டம் தெளிஞ்சுதே, நீங்களுந்தானே குடிச்சீங்க? சார், இந்தாங்க, மோந்து பாருங்க.

— நான் மோந்து பார்த்து என்ன பிரயோஜனம்? ஃபைல்ல எண்ணெ. ஃபைல் மாறற வரைக்கும் இது எண்ணெதான். பூமிக்கு அடியில இருக்கற எண்ணெ சர்க்காரோடது. குடிச்சா திருட்டு கேஸ்.

— ஃபைல் எப்பங்க மாறும்?

— நோடி, இங்க பாருங்க, எழுபத்தெட்டுல இதே மாதிரி ஒண்ணு டெல்லிக்குப் போச்சு. அனுப்பின ஆபீசருக்குப் பேத்தி பொறந்தாச்சு, ஃபைல் இன்னும் வரலை.

— அய்யோ சாமி! எம்பொண்ணு தாரணி தலைச்சம் பிரசவத்துக்கு வந்திருக்கறா. கார்ப்பரேஷன் குழாயில நூலாட்டந்தான் வருது. இன்னிக்கு நாளைக்கு வலி எடுத்தா, புள்ளைய எதுலங்க குளிப்பாட்டுவேன்?

— நான் என்ன செய்யறதம்மா? ரூல்.

— சரி, எண்ணெதானே? ரேஷன் கார்டுக்கு மாசாமாசம் சீமெண்ணெ குடுக்கோணும்ல? எங்க பங்கை இந்தப் பம்புலயே குடுத்துருங்க.

— சொர்ணா, உனக்கென்ன கிறுக்கா?

— நீங்க தந்தி அடிச்சதே போதும், பேசாம இருங்க!

— இருங்கம்மா, யோசிக்கிறேன்... ரூல்ல எடம் இருக்கு. எங்க எடுக்கறோமோ அங்கேயே விநியோகம் பண்ணலாம். கார்டு கொடுங்க... அய்யய்யோ, காஸ் முத்திரை இருக்கே! காஸ் கனெக்ஷன் இருக்கற வீட்டுக்கு சீமெண்ணெ கிடையாதம்மா.

— அடுப்புல காஸு எரிஞ்சா, தொண்டைக்குத் தண்ணி கெடையாதா?

— எண்ணெ கிடையாது.

— ஏனுங்க, உள்ள போயி அந்த சிலிண்டரைத் தூக்கிட்டு வாங்க.

— சொர்ணா! அதுக்காக எத்தனை வருஷம் காத்துக் கெடந்தோம்? வந்த அன்னிக்குப் பொட்டு வெச்சுப் பூ சுத்தினியே!

— புள்ளையக் காஸுல குளிப்பாட்ட முடியுமா? நான் வெறகுல ஊதிக்கறேன். தூக்கிட்டு வாங்கன்னா வாங்க! சார், எழுதிக்குங்க, கனெக்ஷனைத் திருப்பிக் குடுத்துட்டோம்.

— அழ பேடம்மா, அழாதீங்க, கொஞ்சம் மெதுவா பேசுங்க... இந்த இலாகாவுலயே இருந்தும், எங்க வீட்ல பத்து வருஷமா காஸுக்கு வெயிட்டிங். அந்த சிலிண்டரை அப்படியே என் ஸ்கூட்டர்ல வெச்சுக் கட்டச் சொல்லுங்க. ஃபைல்ல இது தண்ணின்னு இங்கேயே எழுதிடறேன். முடிவு பண்ணச் சொல்லி டெல்லி எனக்குத்தான் எழுதியிருக்கு.