மியூசியத்தில் எழுதிக் கொடுத்த புகார்

ஹவுராவிலிருந்து கரியாஹாட் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வயதான தமிழ்த் தம்பதி. ஏதோ கிராமத்துப் பழைய போலீஸ் ஸ்டேஷனை மியூசியமாக்கியிருக்கிறார்களாம், பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

“அங்கேயும் ஒரு புகார் எழுதிக் குடுத்துட்டேங்க” என்றார் அந்த அம்மா.

“மியூசியத்துலயா? யார்கிட்டடி?”

“வாசல்ல கருத்து எழுத நோட்டு வச்சிருந்தாங்கல்ல, அதுல. நம்ம புள்ள குமாரு காணாமப் போனது, உயரம், நிறம், எல்லாம் எழுதிட்டேன்.”

“பைத்தியமா உனக்கு? அங்க உக்காந்திருந்தது பொம்மை போலீசு. யாரு படிக்கப் போறா?”

“நிஜ ஸ்டேஷன்ல ஆறு வருஷமா யாரு படிச்சா? இவங்க நோட்டையாவது பத்திரமா வச்சிருப்பாங்க.”

பவானிபூர் தாண்டியதும் கணவர் மெதுவாகக் கேட்டார்.

“மச்சம் எழுதினியா?”

“எழுதாம? இடது தோள்பட்டைன்னு எழுதினேன்.”

“வலதுடி.”

“குளிப்பாட்டினவ நானு. இடதுதான்.”

“இல்லடி, வலது... வலதுன்னுதான் நெனைக்கிறேன்.”

அந்த அம்மா தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வலது தோளை. கை அங்கேயே நின்றது.

“எனக்கும் இப்ப தெரியலைங்க.”