குறைத்துச் சொன்னது

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் எனக்குப் பேச்சு நன்றாக வரும், ஐயா. இருக்கிறது. சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் நாற்பது வருஷம் அச்சு வார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு காலைப் பொழுதெல்லாம் பழமலையின் டீக்கடைதான். சூளைக்குள் புகுந்த நல்லபாம்பு வெந்து பீங்கானாகி, தட்டினால் கிண்ணென்று ஒலித்த கதையை நான் சொல்லும்போது பெண்ணாடம் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் உண்டு. ஒரு தடவை டிரைவரே தவறவிட்டார்.

பிறகு என் தங்கை ஆதிலட்சுமியின் மகன் மாயவன் கடைக்கு வர ஆரம்பித்தான். முப்பத்திரண்டு வயது. பிறவியிலேயே ஓர் அபூர்வ நோய். உடம்பு கரைக்க வேண்டிய ஏதோ ஒன்று கரையாமல் சதையில் தங்கித் தங்கி, நாக்கு தடித்து, தொண்டை குறுகி, காதும் மந்தமாகிவிட்டது. லட்சத்தில் ஒருவருக்குத்தான் வருமாம். மூச்சு விட்டாலே விசில் சத்தம்.

"மெட்ராஸ்லேர்ந்து டாக்டருங்க வந்து என் தொண்டையப் படம் புடிச்சிட்டுப் போனாங்க" என்பான். கடையே வாய் பிளந்து கேட்கும். அத்தனையும் நிஜம். நான் பாம்பை எடுத்தால், "இரு பெருசு, மாயவன் முடிக்கட்டும்" என்பார் பழமலை.

மாயவன் கழுத்தில் எப்போதும் ஓர் அட்டை தொங்கும். முன்பு ஓர் ஆபரேஷனில் மயக்கம் கொடுத்த பிறகு தொண்டையில் குழாய் இறங்காமல் சாகக் கிடந்தவன். கேமரா வைத்த குழாய் தயாராக இல்லாமல் மயக்க மருந்து கொடுக்கக் கூடாதென்று அதில் சிவப்பு எழுத்தில் இருக்கும். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. அச்சில் ஊற்றிய களிமண் கூழை நேரத்தில் கவிழ்க்காவிட்டால், உள்சுவர் தடித்துத் தடித்து ஜாடியின் கழுத்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஈர்க்குச்சிகூட நுழையாது.

போன மாதம் அவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். துணைக்குப் போனது நான். ஆஸ்பத்திரி மேல் தப்பில்லை, வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

"கழுத்துல, காதுல இருக்கறதெல்லாம் கழட்டி கூட வந்தவங்ககிட்ட குடுங்க" என்றது நர்ஸ் பெண். அட்டையும் காது மிஷினும் என் கைக்கு வந்தன.

மயக்க டாக்டர் அவன் நாக்கைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதுக்கு முன்ன மயக்கம் குடுத்து ஏதாச்சும் தொந்தரவு வந்துச்சா?"

"ஒண்ணும் இல்லீங்க. லேசா கொறட்ட விடுவான். எங்க வூட்டுல எல்லாருக்குமே நாக்கு பெருசுதான்."

டாக்டர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். தள்ளுவண்டியில் படுத்திருந்த மாயவன் என் கையைப் பிடித்தான். "மாமா, அட்டையக் காட்டிட்டீங்களா?"

காது கேட்காதவனிடம் பேசுவானேன். ஆமென்று தலையை ஆட்டினேன்.

குழாய் இறங்கவில்லை. பன்னிரண்டு நிமிஷம் போராடினார்களாம். மாயவன் பிழைக்கவில்லை. கடையில் நான் அதை இரண்டு மணி நேரமாக்கினேன். பாம்பைவிட நன்றாக வந்தது. உருக்கமான இடத்தில் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன். சிவப்பு எழுத்தைப் பழமலை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பெருசு, இது எப்படி ஒங்கிட்ட இருக்குது?"

வேண்டுமென்றேதான் மறைத்தேன், ஐயா. ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வாழ்நாளெல்லாம் கூட்டிச் சொன்னவன் ஒரே ஒரு தடவை குறைத்துச் சொன்னேன், அவ்வளவுதான். அன்றைக்குக் கடையில் என் கதையைக் கேட்டு எழுபது பேர் நின்றார்கள், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழமலை ஒன்பது பேர் என்பார். அவருக்கு எண்ணத் தெரியாது.