மூணு ஓட்டு

— ஸ்கேலை ஆட்டாதே. கோடு கோணலாப் போகுது பாரு.

— நான் ஆட்டல டீச்சர். உங்க பக்கம்தான் ஆடுது.

— ம்... வாய் மட்டும் இங்க நீளுது. வகுப்புல ஒரு வார்த்தை வராது.

— அங்க நாப்பது பேர் இருக்கோம். இங்க நீங்க ஒருத்தர்தானே.

— சரி, அந்த நீல ஸ்கெட்சை எடு. பெல் அடிச்சு அரை மணி ஆச்சு. வீட்ல தேட மாட்டாங்க?

— அம்மா வேலை முடிஞ்சு வர ஆறு ஆகும்... இந்தச் சார்ட் நாளைக்கா டீச்சர்?

— ஆமா. நாளைக்கு எக்ஸாமினர் வர்றார். நான் உங்களுக்குப் பாடம் எடுக்கறதைப் பின் பெஞ்சுல உக்காந்து பாத்து மார்க் போடுவார். அவர் கையெழுத்துப் போட்டாத்தான் நான் சமூக அறிவியல் டீச்சர். இல்லன்னா இன்னும் ஒரு வருஷம் பயிற்சி, பயிற்சின்னு அலையணும்.

— நம்ம கிளாஸ் தேர்தலையே காட்டப் போறீங்களா?

— பின்ன? ரகசிய வாக்கு, பெட்டி, எண்ணிக்கை... உங்க கிளாஸ் டீச்சரே என் ரெக்கார்டுல 'அருமை'ன்னு எழுதிட்டாங்க. எச்.எம். என்னடான்னா, ஜெயிச்சவனே நிஜமா கிளாஸ் லீடர்னுட்டாங்க.

— நாளைக்குக் காலைக் கூட்டத்துல நெட்டைக்கு பேட்ஜ் குத்தறாங்களாம்.

— ம்.

— நெட்டைக்குப் பத்தொம்பது ஓட்டு. கண்ணாடிக்குப் பதினெட்டு. எனக்கு மூணு.

— நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும். பிடி... நேராப் பிடி.

— டீச்சர்... அந்த மூணு பேர் யாரு?

— என்ன கேள்வி இது? ரகசிய வாக்குன்னா என்னன்னு ரெண்டு பீரியட் கத்தினேனே, காத்துலயா போச்சு?

— இல்ல... சும்மா. தேங்க்ஸ் சொல்லலாம்னு.

— மனசுக்குள்ள சொல்லிக்கோ. போதும்.

— எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன் டீச்சர்.

— எல்லார்கிட்டயுமா?

— நாலு நாளா. ஒவ்வொருத்தரா. முப்பத்தொம்பது பேரும் நான் இல்லன்னுட்டாங்க.

— ...சிலர் வெக்கப்பட்டு மறைப்பாங்க.

— பக்கத்துல உக்கார்றவ கூட நெட்டைக்குத்தான் போட்டாளாம். மூஞ்சிக்கு நேராவே சொன்னா. அவளுக்கென்ன வெக்கம்?

— விடு இதை.

— சீட்டெல்லாம் எங்க டீச்சர்? ஒரு தடவை பாக்கலாமா?

— அதெல்லாம்... கிழிச்சுப் போட்டாச்சு.

— எண்ணினப்புறமும் பத்திரமா வெக்கணும், யாராவது கேட்டா திரும்ப எண்ணணும்னு சொன்னீங்களே.

— சொன்னேன்... அப்படிப் பாக்காதே.

— கண்ணாடி இப்பல்லாம் மத்தியானம் தனியாத்தான் சாப்பிடறான் டீச்சர். ஓடாத ஃபேன், தண்ணி வராத குழாய் எல்லாம் லிஸ்ட் எழுதி வெச்சிருந்தான்ல? அதைக் கிழிச்சுட்டான். ஒரு ஓட்டுல தோத்துட்டேன்னு சொல்லிச் சொல்லி...

— தெரியும்.

— என்ன டீச்சர்?

— தெரியும்னேன். ஸ்கேலைக் கீழ வை. இப்படி உக்காரு.

— சார்ட் முடியலயே...

— இது இனிமே வேண்டாம். நீ உக்காரு. சீட்டு என் பையிலதான் இருக்கு. கிழிக்கல.

— ம்.

— அன்னிக்கி முப்பது சீட்டு பிரிச்சாச்சு. ஒண்ணுல கூட உன் பேர் இல்ல. நீ முன் பெஞ்சுல உக்காந்து என் வாயையே பாத்துக்கிட்டிருந்தே. கையை இப்படி... டெஸ்க்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு. எனக்குத் தாங்கல. அடுத்த சீட்டைப் பிரிச்சேன், என்ன எழுதியிருக்குன்னு பாத்தேன்... பாத்துட்டே உன் பேரை வாசிச்சேன். ஒண்ணே ஒண்ணுன்னா கேலி பண்ணுவாங்களேன்னு ரெண்டாவது. அப்புறம் மூணாவது. மூணும் கண்ணாடிக்கு விழுந்த ஓட்டு. அப்ப எனக்கு அது உறைக்கவே இல்ல. கடைசியில போர்டைப் பாக்கறேன்... அவன் ஒண்ணுல தோத்து நிக்கறான். கை தட்டறாங்க. கிளாஸ் டீச்சர் வேற பின்னால நின்னு சிரிக்கறாங்க. வாய் வரல எனக்கு.

— அப்ப கண்ணாடிதான் ஜெயிச்சானா?

— இருபத்தொண்ணு. நெட்டை பத்தொம்பது.

— நான்...

— உன்னை நிக்க வெச்சதே தப்பு. லெசன் பிளான்ல மூணு வேட்பாளர்னு முன்னாடியே எழுதிட்டேன். கை தூக்கினது ரெண்டு பேர்தான். வேண்டாம் டீச்சர், வேண்டாம் டீச்சர்னு சொன்ன உன்னை இழுத்து நிறுத்தினது நான். என் பிளானுக்காக. உன் நல்லதுக்குன்னு அப்ப சொன்னது பொய்.

— தெரியும் டீச்சர்.

— எல்லாம் தெரியுமா உனக்கு? பெரிய மனுஷி!

— ...இப்ப என்ன பண்ணப் போறீங்க?

— காலையில பேட்ஜ் குத்தறதுக்கு முன்னாடி எச்.எம். ரூமுக்குப் போய்ச் சொல்லணும். அப்புறம் வகுப்புல, அந்த நாப்பது சீட்டையும் எல்லார் எதிர்லயும் திரும்பப் பிரிக்கணும்.

— எக்ஸாமினர் முன்னாடியா?

— அவர் முன்னாடிதான்.

— மார்க் போட மாட்டாரே.

— போட மாட்டார். அது என் தலைவலி. இத்தனை நாளா அதை நினைச்சுத்தான் வாயை மூடிக்கிட்டிருந்தேன், உன்னை நினைச்சு இல்ல. அதையும் சொல்லிடறேன். ஆனா உன் விஷயம்... உன் பேருக்கு நேரா முட்டை போட்டுக் காட்டணும்டி. அத்தனை பேர் எதிர்ல. அதுக்கு உன்கிட்ட கேக்காம என்னால முடியாது.

— நான் வேண்டாம்னா?

— வேண்டாம்னா... தெரியல. கண்ணாடி மூஞ்சியும் தெரியுது, உன் மூஞ்சியும் தெரியுது. நாளைக்கு நீ வேணா லீவு போடு.

— லீவெல்லாம் வேண்டாம். முன் பெஞ்சுலயே உக்கார்றேன். பிரிங்க.

— நிஜமாவா?

— கண்ணாடி பாவம் டீச்சர்.

— ...நீ ரொம்பப் பாவம். உன் ஓட்டையாவது நீ உனக்குப் போட்டிருக்கலாமே. ஒண்ணாவது இருந்திருக்கும். உன் பேரை நிஜமாவே ஒரு தடவை வாசிச்சிருப்பேன்.

— போடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் கண்ணாடிதான் நல்லா செய்வான்னு தோணிச்சு. அவன் பேரை எழுதிட்டேன்.

— அப்ப... உன் பேர் மூணு தடவை வந்துச்சேன்னு சந்தோஷப்பட்டியா அன்னிக்கி?

— என் நீலப் பேனா தீர்ந்து போச்சு டீச்சர். வகுப்புலயே நான் ஒருத்திதான் பச்சையில எழுதினேன். நீங்க பச்சைச் சீட்டைப் பிரிச்சு, என் பேரை வாசிச்சீங்க. முன் பெஞ்சுலேர்ந்து நல்லாத் தெரிஞ்சுது... அது ஒண்ணு பொய்யின்னு அப்பவே தெரியும். மத்த ரெண்டுமாவது நிஜமா இருக்குமோன்னுதான் டீச்சர், ஒவ்வொருத்தராப் போய்க் கேட்டேன்.