கிண்ணத்தின் அடியில்

எங்கள் கோயில் திராட்சரசம் நன்றாக இருக்கும், சார். கடைச் சரக்கு இல்லை. ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, வீட்டிலேயே ஊறவைத்துச் செய்வது. லேசாகக் கிராம்பு வாசனை வரும்.

லாரித் தொழிலுக்குப் பேர்போன சங்ககிரிக்குப் பக்கத்து ஊர் என்பதால் எங்கள் சபையில் இரண்டு வகை விசுவாசிகள். லாரி வைத்திருப்பவர்கள் முன்வரிசை, லாரி கழுவுகிறவர்கள் பின்வரிசை. ஆண்டவர் முன்னால் எல்லாரும் சமம் என்பதால் இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. நற்கருணைக்கு ஒரே கிண்ணம். ஐயர் குடித்ததும் முதலில் மண்டியிடுபவர் செயலர் குணசீலன். எட்டு லாரி, என் அப்பா. அப்புறம் முன்வரிசை, நடுவரிசை, கடைசியில் கோயிலைக் கூட்டிப் பெருக்கும் பொன்னாயி. மிச்ச ரசத்தைக் கீழே ஊற்றுவது பாவம். அதனால் கடைசி ஆள் குடித்து முடிப்பது எங்கள் ஊர் வழக்கம். முன்வரிசையின் எச்சிலைப் பின்வரிசை குடிக்கலாம். மாற்றிக் குடித்தால்தான் வேதத்தில் ஏதோ இடிக்கும்.

பொன்னாயிக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு தடவை சேலம் போய் ரத்தம் சுத்தம் செய்துவந்தால்தான் உயிர். தண்ணீரையே அளந்து குடிப்பவர். சபைக்கே தெரியும், ஜெபக்குறிப்பில் அவர் பெயர்தான் முதலில் வரும். அங்கே மட்டும் அவர் முன்வரிசை.

ஒரு சனிக்கிழமை பீடத்துணி விரித்துக்கொண்டிருந்தேன். பொன்னாயி விளக்குமாறோடு நின்றார்.

“ஏனுஞ் சாமி, ரசம் உங்களுக்கெல்லாம் தித்திப்பா இருக்குதுங்களா? எங்கிட்ட வாரப்ப அடிக்கசடுதானுங்க. வாயில நறநறங்குது.”

“அப்ப முன்னால வந்து குடி, பொன்னாயி.”

“நான் வந்துருவனுங்க. அப்பறம் உங்கப்பா குடிப்பாருங்களா?”

சிரித்தார். நானும் சிரித்தேன். அதைத் திருச்செங்கோட்டில் நான் படிக்கும் கல்லூரி மேடையில் அப்படியே சொன்னேன். நல்ல கைதட்டல். பின்வரிசையின் குரல் என்று கல்லூரிப் பையன்கள் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

அவ்வளவு கைதட்டல் வாங்கிவிட்டு சும்மா இருக்க முடியுமா? அறுப்பின் பண்டிகை ஞாயிறு வந்தது. முன்வரிசை முழுக்க வெள்ளை வேட்டி, பட்டுப்புடவை. ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி வைப்பது என் வேலை. மாட்டுக்குக் கொடுக்கும் பேதிப் பொடியைக் கலந்து வைத்தேன். நோக்கம் உயர்ந்தது, சார். முன்வரிசை எழுந்து ஓட வேண்டும், பின்வரிசை ஒரு நாளாவது உட்கார்ந்து சிரிக்க வேண்டும். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு நான் மண்டியிடவில்லை. போனைத் தயாராகப் பிடித்திருந்தேன்.

ஒருவரும் ஓடவில்லை. அப்பா காணிக்கை ஏலத்தில் பூசணிக்காய் எடுத்தார். முன்வரிசையில் இரண்டு பேருக்கு வயிறு லேசாகக் கலங்கியது. பண்டிகைப் பிரியாணியைத் திட்டினார்கள். பொடி போலி என்று நினைத்தேன்.

சாயங்காலம் பொன்னாயி விழுந்தார். எங்கள் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோது பக்கத்தில் நின்றவன் நான்.

“பழைய சோறுங்க” என்றேன்.

பொன்னாயி என் கையைப் பிடித்தார். “இல்லீங்க சாமி, காலைல கோயில்ல குடிச்சதுதானுங்க. அதுக்கப்பறந்தானுங்க இப்புடி.”

“கோயில்ல குடிச்ச அத்தன பேரும் நல்லாத்தான இருக்கறோம், பொன்னாயி” என்றேன்.

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. பின்வரிசைக்காரர் பழைய சோற்றால் சாவதை நம்புவதில் எங்கள் சபைக்குச் சிரமமே இருக்காது. விடிவதற்குள் போய்விட்டார். அடக்க ஆராதனையில் பாட்டை எடுத்துக்கொடுத்ததும் நான்தான். பிரேதப் பரிசோதனை மட்டும் பழைய சோற்றை நம்பவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். கலந்தவன் நான், வாய் திறக்காதவனும் நான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்: நான் பின்வரிசையின் பக்கம். பொடி அடியில் போய்த் தங்கும் என்று என்னிடம் யாருமே சொன்னதில்லை. எனக்கு எப்படித் தெரியும்? திடப்படுத்தல் வாங்கி நற்கருணைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, அப்பாவுக்கு அடுத்தபடியாகக் குடிக்கிறவன் நான்.