பொறுங்கக்காவின் மன்றமும் நான் திருப்பிக் கொடுத்த எண்ணும்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, என் நாத்தனாரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களே, முகம் பார்க்காமலே அவளோடு வருடக்கணக்கில் பேசி இன்று முதல்முறையாக அவள் படத்தைப் பார்க்க வந்திருக்கும் மன்றத்து உறவுகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடை பழக்கம் இல்லை. ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். துணி தைத்துக் கொடுக்கிறவள். கிளம்பும்போது என் வீட்டுக்காரர், அதாவது போனவளின் அண்ணன், "ரெண்டு வார்த்தை சொல்லு. அழுகை வந்தா இறங்கிடு, யாரும் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். அழுகை வந்தால் இறங்கலாம். வெட்கம் வந்தால் எங்கே போய் இறங்குவது?

எனக்கு முன்னால் பேசிய அவள் அலுவலக முதலாளி ஐயா, ஒரு தொழில்நுட்பக் கோளாறால் நீங்கள் இணையத்தில் கூடிப் பேசும் மன்றங்கள் மூடிக் கிடக்கின்றன என்றார். அவருக்குப் பின் பேசிய அம்மாவும் அதையே சொன்னார். அதன் பிறகு குடும்பத்துக்கு நன்றி என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நீங்களும் என்னைப் பார்த்துக் கும்பிட்டீர்கள். உங்களுக்குப் பெரிய மனசு. ஆனால் ஐயா, அந்தக் கோளாறு நான்தான்.

அதைச் சொல்வதற்கு முன்னால் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் கெடுத்தது என்னவென்றே உங்களில் பாதிப் பேருக்குப் புரியாது.

உங்களுக்கு அவள் பொறுங்கக்கா. யார் எவ்வளவு கோபமாக "வேலை செய்யலை" என்று எழுதினாலும், அவளிடமிருந்து முதலில் போகும் பதில் "பொறுங்க" என்ற ஒரே சொல்தான். வெறும் வார்த்தையாகச் சொல்லமாட்டாள். சொன்ன பிறகு உட்கார்ந்து சரிசெய்வாள். சரியாகும் வரை வேறு எதையும் தொடமாட்டாள். அதனால்தானே அந்தச் சொல்லையே அவளுக்குப் பெயராக வைத்தீர்கள்?

கடைக்காரர்களுக்கு இணையத்தில் பக்கம் போட்டுக் கொடுப்பதுதான் அவளுக்குச் சம்பள வேலை. அந்தப் பக்கங்களை ஒரு பெரிய கம்பெனி வாடகைக்கு விடுகிறது. அங்கே பொருளை அடுக்கலாம், விற்கலாம். வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசத்தான் இடம் கிடையாது. தையல் மெஷின் பாகம் விற்கிற ஒருவர், "வாங்கினவங்க அவங்களுக்குள்ள கேட்டுக்கட்டுமே, நாள் முழுக்க என்னைப் போன்ல பிடிச்சு ஏன் உலுக்கறாங்க" என்று இவளிடம் புலம்பியிருக்கிறார். அன்றைக்கு எங்கள் சாப்பாட்டு மேஜையில் தொடங்கியது இந்த வேலை.

"அண்ணி, ஜனங்க உக்காந்து பேச ஒரு கூடம் கட்டறேன்" என்றாள்.

"எங்கே?"

"அந்தக் கம்பெனி இடத்துலதான்."

"வாடகை இடத்துல போய் எவளாவது கூடம் கட்டுவாளா? கிளம்புன்னு சொன்னா?"

"சொன்னா கழட்டி எடுத்துட்டுப் போகலாம். யார் வேணா எடுத்துட்டுப் போகலாம். அந்த மாதிரிதான் கட்டறேன்."

எனக்கு விளங்கவில்லை. என் வேலையை வைத்தே விளக்கினாள். "நீங்க சட்டை தைச்சுக் கொடுக்கறீங்க. நான் சட்டையோட, அதை வெட்டின மாதிரித் தாளையும் சேர்த்துக் கொடுத்துடறேன். யாருக்கு எங்கே பிடிக்குதோ அவங்களே பிரிச்சுத் தைச்சுக்கலாம்."

"அப்புறம் உன்கிட்ட எவன்டி தைக்க வருவான்? பொழைக்கத் தெரியாதவ."

"உங்க கூடவே இருக்கேன்ல அண்ணி, எப்படித் தெரியும்?"

இப்படித்தான் பேசிக்கொள்வோம். அவள் சிரிக்க மாட்டாள், வேறு பக்கம் பார்ப்பாள். சிரித்தது எனக்கு மட்டும் தெரியும்.

அவள் கட்டிய அந்த ஒரு கூடத்தை எத்தனை பேர் எடுத்துப் போய் உங்கள் மன்றமாக ஆக்கிக்கொண்டீர்கள்? லாரி ஓட்டுகிறவர்கள் எடுத்துப் போனார்கள், எந்தப் பாலம் இடிந்திருக்கிறது, எந்தச் சாலையில் தூங்க இடம் இருக்கிறது என்று பேசிக்கொள்ள. காது கேட்காத பிள்ளைகளின் அம்மாக்கள் எடுத்துப் போனார்கள். யாரிடம் அவள் தன் பெயரைப் போடச் சொன்னாள்? யாரிடம் கைமாறு கேட்டாள்?

இதோ மேடை ஓரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, இவருக்கு மன்றத்தில் எறும்பு என்று பெயர். ஆளைப் பார்த்தால் எறும்பு மாதிரியா இருக்கிறது? முதன்முதலில் இவர் எழுதி அனுப்பியது ஒரு பக்கம் முழுக்கத் திட்டு. இவருடைய மன்றத்தில் யாரோ பாடுபட்டு எழுதியது ஒரு நொடியில் அழிந்துவிட்டதாம். என் நாத்தனார் "பொறுங்க" என்றாள். சரிசெய்துவிட்டு எழுதினாள்: "நீங்க காட்டின பிழை சரியான பிழை. திட்டினதுல மட்டும் ரெண்டு மூணு பிழை இருக்கு, அதையும் பார்த்துக்குங்க." அன்றிலிருந்து இவர் அவளோடு சேர்ந்து வேலை செய்கிறார். திட்ட வந்தவரை வேலைக்கு உட்காரவைக்க எத்தனை பேரால் முடியும்?

அப்படிப்பட்டவள், அலுவலகத்தில் தண்ணீர் பிடிக்க எழுந்தவள், நாற்காலிக்குத் திரும்பவில்லை. முப்பத்தெட்டு வயது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வீட்டில் ஒருவர் போய்விட்டால் செய்யவேண்டியதை எல்லாம் நான் செய்தேன். துணிகளை மடித்து வேண்டியவர்களுக்குக் கொடுத்தேன். அலுவலகச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. "அக்கா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் செத்துப்போனதை நான் புதிதாகச் சொல்ல வேண்டும். அது அடிக்கும்போதெல்லாம் அவள் அண்ணன் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். ஒரு நாள் நான் போன் கடைக்குப் போய், இந்த எண் இனி வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட்டோம் என்று மனதுக்குள் ஒரு திருப்திகூட வந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

பத்து நாள் கழித்து எறும்பு வீட்டுக்கு வந்தார். "அக்கா, அவங்க போன் வேணும்" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். சார்ஜ்கூடப் போட்டு வைத்திருந்தேன்.

"சிம் எங்கேக்கா?"

சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கம்பெனி தன் இடத்தில் ஏதோ மாற்றுகிறதாம். அதற்குத் தக்கபடி கூடத்தையும் மாற்றி வைக்க வேண்டும். மாற்றியதெல்லாம் இவர்கள் கையில் தயாராக இருக்கிறது. ஆனால் கம்பெனிக்குள் அதைக் கொண்டுபோய் வைக்க அவள் பெயரில்தான் நுழைய முடியும். நுழையும்போது ஒரு ரகசிய எண் அவள் போனுக்கு வரும். அதைப் போட்டால்தான் கதவு திறக்கும். அந்தக் கதவின் சாவியைத்தான் நான் கடையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கடைக்கு ஓடினோம். கவுண்டரில் இருந்த பெண், "உரியவங்க நேர்ல வந்தா திருப்பித் தரலாம்மா" என்றாள். அவள் நேரில் வருவதாக இருந்தால் எனக்கு எண் எதற்கு? கம்பெனிக்கு எழுதினோம். "உங்கள் கணக்கில் நுழைந்து இந்தக் கோரிக்கையை அனுப்பவும்" என்று பதில் வந்தது. எறும்பு அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு கம்பெனி தன் இடத்தை மாற்றியது; மன்றங்கள் ஒவ்வொன்றாக எழுத்தே இல்லாத வெள்ளைப் பக்கமாகிப் போயின.

ஒரு நாள் காலையில் என் எண்ணுக்கு ஒரு அம்மா கூப்பிட்டார். யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறார். "பொறுங்கக்கா வீடுங்களா? பையனுக்கு இன்னிக்குத்தான் காதுக்கு மெஷின் மாட்டப் போறாங்க. முதல் சத்தம் கேட்டா பயந்துடுவானா, நான் என்ன பண்ணணும்னு மத்த அம்மாங்ககிட்டக் கேட்டு எழுதியிருந்தேன். பதில் போட்டிருப்பாங்க. தொறந்தா வெறும் வெள்ளையா இருக்கு. அக்காகிட்டச் சொல்றீங்களா?"

அக்கா போய்விட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் இல்லை, கதவை மூடியது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொறுங்க" என்றேன். சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அவள் ஒவ்வொரு முறையும் வேலை செய்து காப்பாற்றிய சொல் அது. ஒன்றும் செய்யத் தெரியாத என் வாயில் அது பொய்யாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு மெஷின் மாட்டியபோது என்ன ஆனது என்று கேட்கக்கூட நான் திரும்பக் கூப்பிடவில்லை.

இதை நான் இங்கே ஏன் சொல்கிறேன்? என் பாரத்தை உங்கள் தலையில் இறக்கிவைக்கவா? இல்லை. உள்ளே வரும்போது வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "இவ்வளவு பெரிய ஆளு, எல்லாத்தையும் ஒரே நம்பர்ல தொங்கவிட்டுட்டுப் போயிட்டாங்களே, யோசிக்க வேணாமா?" என்றார்கள். முப்பத்தெட்டு வயதில் யார் சாவை யோசிப்பார்கள்? கோளாறு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் கடைசியில் அது அவள் பெயரில்தான் ஒட்டும். அவளைச் சொல்லாதீர்கள். என்னைச் சொல்லுங்கள்.

அவள் கட்டியது வீண்போகவில்லை. கழட்டி எடுத்துப் போகலாம் என்று அவள் சொன்னதை எறும்பும் அவர் கூட்டாளிகளும் செய்துவிட்டார்கள். அதே கூடத்தை வேறு பெயரில் அந்தக் கம்பெனியிலேயே நட்டிருக்கிறார்கள். நீங்கள் எழுதியது எல்லாம் அவரவர் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறதாம். ஆனால் ஒவ்வொரு மன்றத்தையும் பழைய கூடத்திலிருந்து புதியதற்கு ஒவ்வொன்றாக, அந்த மன்றத்தைச் சேர்ந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்ற வேண்டும். அதற்கான கம்ப்யூட்டர்கள் பக்கத்து அறையில் தயாராக இருக்கின்றன.

இந்த முறை கதவுக்கு மூன்று பேருடைய போன் எண்; ஒன்று போனாலும் மற்றதை வைத்துத் திறக்கலாம். அதில் ஒன்று என்னுடையதாக இருக்கவேண்டும் என்று எறும்பு சொன்னபோது, "கிண்டல் பண்றீங்களா தம்பி?" என்று கேட்டேன். "இல்லக்கா. நம்பர் போனா என்ன ஆகும்னு எங்களுக்கெல்லாம் கேள்விதான். உங்களுக்குத்தான் பட்டுத் தெரியும்" என்றார். அவர் சொன்னது உண்மை. நேற்று கொடுத்துவிட்டேன். இனி என் எண்ணை மாற்றமாட்டேன், விடமாட்டேன். எனக்குப் பிறகு அதை யார் வைத்திருப்பார்கள் என்று அவள் அண்ணனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தச் சபையில் நான் கொடுக்கும் வாக்கு இது.

இன்னொன்று. அன்றைக்குக் கூப்பிட்ட அம்மா வந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில், மடியில் பிள்ளையோடு. பேசியது நீங்கள்தான் என்று வாசலில் குரலை வைத்தே கண்டுகொண்டேன். அப்போதும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

அம்மா, மன்றத்தை மாற்ற எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று எறும்பு எனக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார். முதலில் உங்கள் மன்றத்தை மாற்றலாம். என் கையால் செய்கிறேன், தப்பு செய்யாமல் இருக்க அவரும் பக்கத்தில் இருப்பார். என்னோடு உட்கார உங்களுக்கு மனசு வரவில்லை என்றால் அவரோடு உட்காருங்கள், நான் எழுந்து வெளியே நின்றுகொள்கிறேன்.

நான் இறங்குகிறேன். பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் அம்மா. அவனுக்கு அன்றைக்கு என்ன கேட்டது என்று சொல்லுங்கள்.