வெதுவெதுப்பான எண்ணெய்

எண்ணெயை வெதுவெதுப்பாக்கித்தான் தடவ வேண்டும், மேடம். அப்படியே தடவினால் தோலுக்கு மேலேயே நின்றுவிடும். என் வீட்டுக்காரர் காலில் தடவித் தடவி நான் கற்றுக்கொண்டது அது.

கல்யாணமான புதிதிலேயே அவருக்குத் தோல் வறட்சி. ஆடுசதையில் நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். குதிகால் வெடிப்பில் போர்வை நூல் மாட்டிக்கொள்ளும். ஊரே வியர்த்து விறுவிறுத்து நிற்கிற கோடையிலும் மனிதர் கம்பளிச் சட்டை கேட்பார். சாப்பிட்டு முடித்ததும் காலை என் மடியில் நீட்டுவார். "நீ இல்லன்னா என் கதி அதோகதிதான்," என்பார். அந்த வார்த்தைக்காகவே நான் அம்மா வீட்டில் போய்த் தங்கியதில்லை.

பிறகு ஒரு டாக்டர், அவர் புருவத்தின் ஓரத்தில் முடி உதிர்ந்திருப்பதையும் கண்ணுக்கடியில் இருந்த வீக்கத்தையும் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு மந்தமாம். அது சோம்பிக் கிடந்தால் உடம்புச் சூடு குறையும், தோலில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் வற்றும். ஆயுசுக்கும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான் என்றார். அப்படியானால் இத்தனை வருஷம் நான் தேய்த்தது எதற்கு?

மாத்திரை வேலை செய்தது. தோல் வழவழவென்று ஆனது. ஆபீசில் "புது மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றார்களாம். கண்ணாடியை விட்டு நகரமாட்டார். ஒருநாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா, பிசுபிசுன்னு இருக்கு. இனிமே இதெல்லாம் எதுக்கு? நீயும் கொஞ்சம் ஓய்வெடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இன்னொருத்தியோடு ஓடிப்போயிருந்தால்கூட நாலு பேர் எனக்காகப் பேசியிருப்பார்கள். இந்தத் துரோகத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. என் டீயில் போடுகிற இனிப்பு மாத்திரையும் அதே அளவு, அதே வெள்ளை. அவர் புட்டியில் அதை நிரப்பி வைத்தேன். காலையில் தண்ணீரோடு நானே எடுத்துக் கொடுப்பேன். மடக்கென்று விழுங்குகிறவருக்கு ருசி எங்கே தெரியப்போகிறது?

பழைய தோல் திரும்பி வந்தது. முதலில் முழங்கை, அப்புறம் குதிகால். மறுபடியும் காலை நீட்டினார். "மாத்திரையும் கைவிட்டுடுச்சு பாத்தியா. கடைசில நீதான்," என்றார். சமையலறைக்குப் போய் அழுதேன், சந்தோஷத்தில்தான். முகம் ஊதியது, குரல் தடித்தது, கை சில்லிட்டது. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டார். "போன்ல கேட்டேங்க, குளிருக்கு அப்படித்தான் இருக்குமாம்," என்றேன். பேச்சுக் குழறிப் படுத்தவரை எழுப்ப முடியாமல்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அவர் தங்கைக்கும் இதே நோய். அண்ணனைப் பார்க்க ஓடி வந்தவள் தன் மாத்திரையை மறந்துவிட்டாள். எங்கள் வீட்டுப் புட்டியிலிருந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் தேடினாள்.

"அண்ணி, இது இனிக்குதே?"

அவள்தான் புகாரோடு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். மறைக்க ஒன்றுமில்லை மேடம். நான்தான் மாற்றினேன், தெரிந்தேதான் மாற்றினேன்.

இன்று கண் விழித்துவிட்டாராமே. நல்லது. நர்சுகளிடம் மட்டும் சொல்லிவிடுங்கள், விரல் இடுக்கிலும் தடவ வேண்டும். என்னை உள்ளே விடக்கூடாது என்று அவரே சொன்னாராம். இரண்டாவது தடவையும் காலை இழுத்துக்கொண்டார். இப்போது நீங்களே சொல்லுங்கள் மேடம், துரோகம் செய்தது யார்?